கூமைத் திட்டக் கூடாது

ஜூலை மாதத்தில் துபோவா மேட்டில் யாரும் யாரிடமும் நல்ல வார்த்தை பேசுவதில்லை. ராஸ்பெர்ரி பழுக்கிற காலம். விடியும் முன்பு செடி வரிசைக்குள் குனிந்தவர்கள் வெயில் உச்சிக்கு வரும்போது நிமிரப் பார்ப்பார்கள். முதுகு நிமிராது. நாக்கு மட்டும் நிமிரும். பெட்டியை நிரப்பிய லட்சணத்துக்காகப் புருஷன் பெண்டாட்டியைத் திட்டுவான். அவள் அவனைப் பெற்றவளிலிருந்து ஆரம்பிப்பாள். நாய்கள் சோளக் குதிருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் பாதிரியார் அந்த மூன்று வாரமும் யார் வீட்டுப் படியும் ஏற மாட்டார். புத்திசாலி.

அந்த நாட்களிலும் நான் யாரையும் திட்டியதில்லை என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. ஒப்ராத் தங்கமான மனிதன் என்பார்கள். தங்கமெல்லாம் இல்லை. எனக்கு இருப்பது பன்னிரண்டே வரிசைச் செடி. பத்து மணிக்குள் பறித்து முடித்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு யோசனை சொல்கிறவனுக்கு எதற்குக் கோபம் வரப்போகிறது?

அந்த யோசனைகளில் பாதி விதோயேயின் வீட்டுக்குத்தான் போகும். நான் அந்த வீட்டுக்குக் கூம். விதோயே தேசாவைக் கைப்பிடித்தபோது பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றவன் நான். அவர்கள் மகளை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கிப் பெயர் வைத்தவனும் நான். மேலே ஆண்டவர், கீழே கூம் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. கூமை அடிக்கக் கூடாது, சபிக்கக் கூடாது, குரலை உயர்த்திக்கூட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டுத் தொழுவத்தில் கன்று தங்காது, கொப்பரையில் சாராயம் இறங்காது. விருந்தென்றால் மேசையின் தலைப்பக்கம் கூமுக்கு. சுட்ட ஆட்டில் முதல் துண்டும் கூமுக்கு. இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் எனக்குத் தெரிந்ததில்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

விதோயேயும் அவன் தம்பி ஸ்ரேதோவும் கூட்டாக வைத்திருந்த லாரிக்குப் பெயர் கேப்டன். ராணுவம் கழித்துவிட்டதை அவர்களுடைய அப்பா ஏலத்தில் எடுத்தது. அப்பா போய்விட்டார், கேப்டன் இருந்தது. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே லாரி என்று அண்ணன் தம்பி இருந்துவந்தார்கள். மேட்டில் இருக்கும் பதினெட்டு வீட்டுப் பழமும் கேப்டன் முதுகில் ஏறித்தான் வேத்ரனிக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்துக் குளிர்கிடங்குக்குப் போகும். ராஸ்பெர்ரி யாருக்காகவும் காத்திருக்காது. காலையில் பறித்தது சாயங்காலத்துக்குள் குளிரில் போய் உட்காராவிட்டால் பெட்டியின் அடியிலிருந்து சிவப்பாக அழத் தொடங்கிவிடும். கிடங்கின் வாசலோ எட்டு மணிக்குச் சாத்தப்படும்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்தில் கேப்டன் கொதித்தது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டு, ரேடியேட்டர் மூடி வழியே நீராவி சீறியது. நின்று, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது பழம் கூழ். சாறு பிழியும் தொட்டியில் கொட்டினார்கள். திங்கட்கிழமையும் அதே கதை. இடையில் செய்யாத வைத்தியம் இல்லை. விதோயே ஃபேன் பெல்ட்டை மாற்றினான், டவுனுக்குப் போய்ப் புது வாட்டர் பம்ப் வாங்கி வந்து மாட்டினான். ஸ்ரேதோ ரேடியேட்டரைக் கழற்றி, தேசாவின் பாலாடைக்கட்டிப் பானையிலிருந்த புளித்த மோர்த்தண்ணீரை நிரப்பி இரவெல்லாம் ஊறவைத்து, உப்பையும் துருவையும் கழுவி எடுத்தான். தகட்டு இடுக்கில் அடைந்திருந்த வைக்கோல் தூசியைப் பன்றி மயிர்த் தூரிகையால் தள்ளினான். தெர்மோஸ்டாட்டையும் திறந்து பார்த்துவிடலாமே என்றான். அங்கே கோளாறு இருக்க வாய்ப்பே இல்லை, நேரத்தை வீணாக்காதே என்று நான் அடித்துச் சொன்னேன். போன வருஷம்தான் புதிதாக மாட்டினேன் என்று விதோயேயும் சொன்னான். கூம் சொன்னால் சொன்னதுதான். திறக்கவில்லை.

செவ்வாய் காலையில் பதினெட்டு வீட்டுக்காரர்களும் கேப்டனைச் சுற்றி நின்றார்கள். யாரும் பெட்டியை ஏற்றவில்லை. மேட்டின் கடைசி வீட்டு ராதிசாவ், அடுத்த சரிவிலிருக்கும் லாரிக்காரனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டதாகவும், அவன் நாளை முதல் வருவான் என்றும் சொன்னார். லாரிதான் அந்த வீட்டின் மாடு, வயல், சம்பளம் எல்லாம். தேசாதான் முன்னே வந்தாள். ஆறு மணி நேரம் பழம் பறித்த கை, முழங்கை வரை முள் கீறல்.

"இன்னைக்கு ஒரு நாள் குடுங்க. எட்டு மணிக்குள்ள வாசல் தாண்டலேன்னா, நாளைக்கு நானே அந்த லாரிக்காரனுக்குப் பெட்டி தூக்கி விடுறேன்."

மூன்று டன் ஏறியது. அதில் என்னுடைய பதினாறு பெட்டியும் உண்டு.

விதோயே ஓட்டினான். முன் சீட்டில் அவனுக்கும் தேசாவுக்கும் நடுவில் நான். ஸ்ரேதோ பின்னால் பழத்தோடு. உட்கார்ந்த இடத்திலேயே ரொட்டி வேகும் வெயில். முதல் இரண்டு வளைவு வரை முள் நடுவில் நின்றது. நான் ஒரு நகைச்சுவை சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. வாதுமை மர வளைவில் முள் நகர்ந்தது. விதோயே கியரைக் குறைத்தான். முள் அதை மதிக்கவில்லை. அடுத்த வளைவில் பானட்டுக்கு அடியிலிருந்து சீறல் கேட்டது. ஊற்றடியில் ஓரம் கட்டினான். மணி மூன்று.

அந்த ஊற்று அவர்கள் அப்பாவின் நினைவுக்காகப் பிள்ளைகள் கட்டியது. கல்லில் அவருடைய முகத்தைச் செதுக்கி, தொப்பியோடு, மீசையோடு வைத்திருக்கிறார்கள். சிற்பிக்கு மீசையில் இருந்த திறமை கண்ணில் இல்லை. கிழவர் எந்நேரமும் யாரையோ சந்தேகப்படுவது போலவே இருப்பார்.

சண்டை இறங்கும்போதே தொடங்கியது. ரேடியேட்டரைத் திரும்ப மாட்டியபோது எங்கேயோ சொதப்பிவிட்டாய் என்று அண்ணன். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுத்து இன்ஜினைச் சாகடிக்கிறாய் என்று தம்பி. மோர்த்தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் ஓடுமா, கன்றுக்குட்டிதான் ஓடும் என்று அண்ணன். பம்ப் வாங்கத் தெரியாதவன் என்று தம்பி. பின்னால் பெட்டிகளின் அடியில் முதல் சிவப்புச் சொட்டு தார்ச்சாலையில் விழுந்தது. அதைப் பார்த்தது தேசா மட்டும்தான்.

"பழம் உருகுது. நீங்க ரெண்டு பேரும் பரம்பரை பேசுறீங்க," என்றாள்.

வண்டி மேல் ஏறி, பெட்டிகளை மூட எடுத்து வந்திருந்த பழைய படுக்கை விரிப்புகளை ஊற்றில் நனைத்துக் கொண்டுவரும்படி என்னிடம் வீசினாள். நான் நனைத்துக் கொடுத்தேன். விரித்து முடித்து இறங்கியவள் நேராகப் பானட்டைத் தூக்கினாள். அவள் அதற்கு முன்பு அதைத் தூக்கி நான் பார்த்ததில்லை. விதோயே தள்ளிப்போகச் சொன்னான். அவள் தள்ளிப்போகவில்லை. தலைத்துணியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல் முனைக்குப் போகும் பெரிய ஹோஸைத் தொட்டாள். பிறகு துணியை எடுத்துவிட்டு வெறுங்கையால் தொட்டாள். பிறகு ரேடியேட்டரின் அடி ஹோஸை. அதன் பிறகு அவள் முகம், கொப்பரையின் வாயில் காதை வைத்துக் கேட்கும்போது இருப்பது போல ஆனது.

இலையுதிர் காலத்தில் மேட்டிலேயே நல்ல பிளம் சாராயம் இறக்குகிறவள் அவள்தான். ஆண்கள் கொப்பரையைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடுவோம். அவள் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து விறகைத் தள்ளுவாள், இழுப்பாள்.

"ஸ்ரேதோ, இங்க வா. கொப்பரை கொதிக்குது, மூடி தூக்குது. ஆனா ஆவிக் குழாயத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு, அடி முனை ஜில்லுன்னு கிடக்கு. நீ காய்ச்சுறப்ப இப்படி ஆனா என்ன சொல்லுவ?"

"எங்கயோ ஒழுகுதுன்னு சொல்லுவேன்."

"கீழ ஒரு சொட்டு இல்லையே."

"அப்ப..." அவன் நிறுத்தினான். "அப்ப வேற வழியா போகுது."

தேசாவின் கை இன்ஜின் பக்கமாக நகர்ந்தது. அங்கே, முன்பக்கத்திலிருந்து பம்புக்கு நேராக வளைந்து இறங்கும் குட்டையான ஹோஸ் ஒன்று. தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இது என்னது?"

"அது குறுக்கு வழி, அண்ணி. இன்ஜின் ஆறிக் கிடக்கிறப்ப தண்ணி ரேடியேட்டருக்குப் போனா சூடே ஏறாதுல்ல. அதனால உள்ளுக்குள்ளயே சுத்தும். சூடு ஏறுனதும் தெர்மோஸ்டாட் பெரிய வழியத் திறந்து விட்டுட்டு, இந்தக் குறுக்கு வழிய அடைச்சிரும்."

"அடைக்கலையே."

ஸ்ரேதோ ஸ்பேனரை எடுத்தான். நான் ஓரடி பின்னால் வைத்தேன். வெயில் அப்படிக் காய்ந்துகொண்டிருக்க, உடம்பில் எனக்கு மட்டும் ஒரு ரேடியேட்டர் நன்றாக வேலை செய்தது.

அடைக்கிற வேலையும் அதற்கு உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சத்தியமாக. தெர்மோஸ்டாட் என்பது தண்ணீரின் குறுக்கே நிற்கும் ஒரு தடை, அதை எடுத்துவிட்டால் தண்ணீர் தாராளமாக ஓடி இன்ஜின் குளுகுளுவென்று இருக்கும் என்றுதான் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் நம்புகிறோம். மீதிப் பாதிப் பேரிடம் வண்டி இல்லை.

போன நவம்பரில் அந்த வீட்டுக் குலப்புனிதர் மிக்கேலின் திருநாள். தலைப்பக்க நாற்காலியில் நான். மூன்றாவது பாட்டிலுக்குப் பிறகு, கேப்டன் போன கோடையில் இரண்டு தரம் சூடான பேச்சு வந்தது. வீட்டுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை பொங்கியது. சாராயம் உள்ளே போனால் நான் அப்படித்தான், கொடுத்துக்கொண்டே இருப்பேன். திருநாள் ரொட்டியை மந்திரித்து வெட்டப் பாதிரியார் வருவதற்குள் கோட்டு சூட்டோடு கொட்டகைக்குப் போய், மூன்று போல்ட்டைக் கழற்றி, அந்தப் பித்தளைச் சாமானை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மூடியைப் பழையபடி முடுக்கி, சிந்திய தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று உள்ளே போனேன். மேசையில் அடைத்த முட்டைக்கோஸ் வந்திருந்தது. மறந்துவிட்டேன். குளிர்காலம் முழுக்க, வெறும் வண்டியாக ஓடிய கேப்டன் கொஞ்சமும் சூடாகவில்லை. நான் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். நேற்று அடித்துச் சொன்னேனே, அங்கே கோளாறு இருக்க வாய்ப்பே இல்லை என்று. இல்லாத சாமானில் கோளாறு எப்படி இருக்கும்?

ஸ்ரேதோ மூடியைத் தூக்கினான். மூன்று தலைகளும் குனிந்தன. நான் குனியவில்லை.

"காலி," என்றான்.

விதோயே அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவினான். விரலை வெளியே எடுத்து அதையே பார்த்தான். பிறகு தம்பியை. வசந்த காலத்தில் ஸ்ரேதோ ஆஸ்திரியாவுக்கு லாரி ஓட்டப் போகிறேன், என் பாகத்தைப் பிரித்துக் கொடு என்று ஒரு தரம் கேட்டிருந்தான். அந்தப் பேச்சு அன்றைக்கே அணைந்துபோனதென்று நினைத்திருந்தேன். இல்லை, தணலாகக் கிடந்திருக்கிறது.

"லாரி செத்தாத்தான பங்கு பிரியும்னு பாத்தியா," என்றான் விதோயே. குரல் தாழ்ந்துதான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"என்ன சொல்ற நீ?"

"ரேடியேட்டரக் கழட்டுனது யாரு? ராத்திரி பூரா கொட்டகைல தனியா இருந்தது யாரு? திறந்து பாக்கலாம்னு எங்கிட்டயே வந்து நடிச்சது யாரு?"

"அண்ணே, நான் அதத் தொட்டிருந்தா என் கை விளங்காம போகட்டும். புதுசா மாட்டுனேன்னு சொன்ன நீதான் மாட்டாமயே சொல்லிட்டு இருந்திருக்க."

"அப்பா மூஞ்சிக்கு முன்னாடி நின்னு பொய் சொல்ற."

"அந்த மூஞ்சிக்கு முன்னாடியே சொல்றேன், இந்த வீட்டுல இனிமே உன் அடுப்புல நான் சாப்பிட்டா..."

"சாப்பிடாத. ஞாயித்துக்கிழமை நடுவுல சுவர் வைக்கிறேன். நீ அந்தப் பக்கம் கிட."

ஸ்ரேதோவின் கையில் ஸ்பேனர் இருந்தது. இருபத்திநாலாம் நம்பர், நீளமானது. அது அவன் தோளுக்கு மேல் போனதை அவனே கவனித்தானோ என்னவோ. தேசா இருவருக்கும் நடுவில் புகுந்தாள். இரண்டு பேரும் அவளை விலக்கப் பார்த்தார்கள். வண்டியிலிருந்து இப்போது சொட்டு விடாமல் விழுந்தது. எனக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, மழை வரும்போல இருக்கிறது என்று எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றுவது. ஐம்பத்தெட்டு வருஷமாக எனக்குக் கைகொடுத்த வழி. அதற்குத்தான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் எடுத்தேன்," என்று வந்தது.

மூன்று பேரும் திரும்பினார்கள். மிக்கேல் திருநாள், கோட்டு சூட்டு, மூன்று போல்ட்டு, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முட்டைக்கோஸ் அவசியமில்லை. சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

விதோயேயின் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. வாய் திறந்தது. எனக்குத் தெரிந்த எல்லா வசவும், தெரியாத சிலதும், அவன் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டுவதைப் பார்த்தேன். வாய் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது.

"கூமே," என்றான். "உங்களுக்கு ஆண்டவர் நீண்ட ஆயுசு குடுக்கட்டும்."

ஸ்ரேதோ திரும்பி நடந்து போய், கேப்டனின் மட்கார்டை அந்த ஸ்பேனரால் மூன்று அடி அடித்தான். அந்தப் பள்ளங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பிறகு வந்து, மூச்சு வாங்க, "நிழல்ல உக்காருங்க கூமே, வெயிலா இருக்கு," என்றான்.

அதற்கு அந்த ஸ்பேனரை என் மண்டையில் போட்டிருக்கலாம்.

தேசா மட்டும் மரியாதைக்கு நேரம் வைத்துக்கொள்ளவில்லை. "எங்க இருக்கு அது?"

நான் சரிவுக்குக் கீழே கையைக் காட்டினேன். ஊற்றடியிலிருந்து பார்த்தால் துபோவா முழுக்கக் கீழே தெரியும். என் பன்னிரண்டு வரிசையும் தெரியும். நடு வரிசையில் ஒன்று வெயிலில் பளிச், பளிச் என்று கண்ணடித்துக்கொண்டிருந்தது. பித்தளை நன்றாக மின்னுகிறதே, குருவி விரட்ட ஆகும் என்று கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். மூன்று நாளாக ஏறுகிற ஒவ்வொரு தடவையும் அது எங்களைப் பார்த்துக் கண்ணடித்திருக்கிறது.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. கூமை ஏவக் கூடாது. நானே போனேன். ஆட்டுப் பாதை, இறங்க இருபது நிமிஷம், அதில் பத்தடி தூரம் உட்கார்ந்தபடி. கால்சட்டையின் பின்புறம் அங்கேயே தங்கிவிட்டது. என் தோட்டத்தில் இரண்டு கருங்குருவிகள் தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து நிம்மதியாகப் பழம் தின்றுகொண்டிருந்தன. அந்த வேலைக்கும் அது உதவவில்லை. அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். ஏற்றத்தைப் பற்றிச் சொல்லாமலிருப்பது நல்லது. முள் சிவப்புக்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னை ஆறவைக்கத்தான் ஆளில்லை.

திரும்பி வந்தபோது மணி ஐந்து தாண்டிவிட்டது. அண்ணனும் தம்பியும் வண்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில், பேச்சில்லாமல், வெட்டி வந்த பெரணி இலையைப் பெட்டிகள் மேல் அடுக்கி விரிப்பை நனைத்துக்கொண்டிருந்தார்கள். தேசா மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டி வைத்திருந்தாள். அதன்மேல், லாரியில் எப்போதும் கிடக்கும் நீளக் கைப்பிடிக் காப்பிக் குவளை. தெர்மோஸ்டாட்டை வாங்கி அழுக்கைச் சட்டை நுனியால் துடைத்து, தண்ணீருக்குள் போட்டாள். எட்டு மாதம் பனியிலும் மழையிலும் தொங்கியது. திறக்கிற வலு இருக்கிறதா என்று பார்க்காமல் மாட்டினால் பாதி வழியில் மறுபடி நிற்க வேண்டும். அப்போது வேத்ரனிக் உச்சியில் எங்களோடு கழுகுகள்தான் நிற்கும்.

நான்கு பேரும் குவளைக்குள் பார்த்தபடி குந்தியிருந்தோம். காப்பி வருமென்று காத்திருப்பவர்களைப் போல. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ். ஒன்றும் அசையவில்லை. ஆவி எழுந்தது. ஒன்றும் அசையவில்லை. நான் மிக்கேலிடம் வேண்டினேன். திருநாளன்று செய்த காரியத்துக்கு அவரிடமே போய்க் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பெரிய குமிழ் ஒன்று உடைந்தது. 'டிக்' என்று சத்தம். பித்தளைத் தட்டு மெல்ல, சோம்பல் முறிப்பது போல, விலகித் திறந்தது.

"போடு," என்றாள் தேசா.

பழைய பேக்கிங் கிழிந்திருந்தது. ஸ்ரேதோ பெட்டிகளுக்கு இடையில் வைத்திருந்த அட்டையை வெட்டினான். பூச என்ன இருக்கிறது என்று விதோயே கேட்டான். கேள்வி தம்பியிடம், பார்வை சாலையில். ஸ்ரேதோ சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தான். பன்றிக்கொழுப்பும் சிவப்பு மிளகாய்த்தூளும் தடவிய ரொட்டி. கொழுப்பை விரலால் வழித்து அட்டையின் இரு பக்கமும் பூசி, மிளகாய்த்தூளோடு சேர்த்து மாட்டி முடுக்கினார்கள். விரலை நக்கிவிட்டு மீதி ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துத் தம்பி நீட்டினான். அண்ணன் வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான், சுவரைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. எனக்கும் ஒரு துண்டு, துணியில் வைத்து, இரண்டு கையாலும். "சாப்பிடுங்க கூமே." கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மூடியைத் திறந்து வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றெல்லாம் குமிழியிட்டு வெளியேறும்வரை தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினாள் தேசா. கொஞ்ச நேரத்தில் மேல் ஹோஸில் கையை வைத்தாள். சட்டென்று எடுத்தாள். சுட்டது. அன்றைக்கு முதல் தடவையாக, சரியான இடம் சுட்டது. மணி ஆறே கால்.

கேப்டன் ஏறியது. நான் மறுபடி நடுவில், பின்புறம் கிழிந்த கால்சட்டையோடு சூடான சீட்டில். ஒவ்வொரு வளைவிலும் மூன்று பேர் ஒரு முள்ளைப் பார்த்தோம். அது நடுவைத் தாண்டிக் கொஞ்சம் போகும், யோசிக்கும், திரும்பி வரும். ஒரு தரம் விதோயே, "கால் வலிக்குதா கூமே?" என்றான். இன்னொரு தரம், "ஜன்னலத் திறக்கட்டுமா கூமே?" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் துடைத்து வைத்தான். திட்டுடா, என்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்த வீட்டில் அவர்கள் ஒருவரை ஒருவர் திட்டாத நாள் கிடையாது. திட்டி முடித்ததும் ஒரே சட்டியில் ரொட்டியைத் தோய்ப்பார்கள். எனக்கு மட்டும் தனித் தட்டு. இருபது வருஷமாக அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

உச்சியைத் தாண்டினோம். கிடங்கு வாசலில் நுழைந்தபோது எட்டு மணிக்குப் பதினெட்டு நிமிஷம் பாக்கி. தரம் பார்க்கிறவன் பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தான், அடிப் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தான், மூக்கைச் சுருக்கினான். பெரணியையும் நனைந்த விரிப்பையும் பார்த்துவிட்டு எழுதினான். அடியில் இருந்த நாற்பது பெட்டி இரண்டாம் தரம். மற்றதெல்லாம் முதல் தரம். நாற்பதில் பதினாறு என்னுடையவை. முதலில் ஏற்றியது நான்தான். ஆண்டவருக்குக் கணக்குத் தெரியும். நாளைக்கும் இதே நேரமா என்று அவன் கேட்டான். இதே நேரம்தான் என்றாள் தேசா. ராதிசாவுக்கு அங்கிருந்தே போன் போட்டு அதைச் சொன்னாள். வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

வெற்று வண்டி திரும்பியது. மலை முகட்டில் வெளிச்சம் இன்னும் பாக்கி இருந்தது. ஊற்றடி வந்ததும் தேசா நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய் முகம் கழுவினாள், இரண்டு கை தண்ணீர் குடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இறங்குங்க கூமே," என்றாள்.

இறங்கினேன். அவள் இடுப்பில் கட்டிய வேலைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். நான் தொப்பியைக் கழற்றினேன். ஏன் என்று தெரியாது.

"உங்க கை அழுகிப் போகட்டும் கூமே," என்றாள். "ஸ்பேனர் பிடிச்ச அந்தக் கை முட்டியோட அழுகிப் போகட்டும். பதினெட்டு வீட்டு வாசல்ல நான் பிச்சைக்காரி மாதிரி நின்னேன். எம் புருஷன் மண்டைய அவன் தம்பியே உடைக்க இருந்தான். நேத்து வாயத் திறந்திருந்தா ஒரு நாள் மிச்சம். தெரியாத விஷயத்துல வாய் கிழியும், தெரிஞ்ச விஷயத்துல வாய் தைச்சுக்கும். குருவி விரட்டக் கட்டுனீங்களாமே, குருவி. உங்களக் கட்டித் தொங்க விட்டிருக்கணும் அங்க, பழமாவது மிஞ்சியிருக்கும். நெருப்பு உங்க கொட்டகையத் தின்ன. கழுதை உங்களுக்குக் கூம் ஆக. அடுத்த மிக்கேல் திருநாளைக்குக் குடிக்கிற முதல் குவளையே உங்க தொண்டைல நிக்க."

வண்டிக்குள் விதோயே மூன்று விரல் குவித்து அவசர அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டான். கல்லில் இருந்த கிழவர் வழக்கம்போலச் சந்தேகமாகப் பார்த்தார். அவள் இன்னும் நிறையச் சொன்னாள். என் அம்மாவைக் கொஞ்சம் தொட்டாள், அம்மா புண்ணியவதி, பொறுத்துக்கொள்வாள். மூச்சு தீர்ந்தபோது நிறுத்தினாள். பின்னாலிருந்து ஸ்ரேதோ தலையை நீட்டினான்.

"அண்ணி, நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கட்டுமா?"

"சொல்லு."

அவன் ஒன்று சொன்னான். அதை எழுத முடியாது. பிறகு கொஞ்சம் தயங்கி, ஜன்னல் வழியாக, விதோயேயும் ஒன்று சொன்னான். குரல் நடுங்கியது. அதனால் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. மாட்டைப் பற்றி ஏதோ. என் கண் கலங்கியது. புகை என்றேன். எங்கேயும் புகை இல்லை.

"ஏறுங்க," என்றாள் தேசா. "நாளைக்கு அஞ்சு மணிக்கு எங்க வரிசைக்கு வந்துரணும். பத்து மணிக்கு நிழல் தேடுறது எல்லாம் உங்க தோட்டத்தோட."

நாலே முக்காலுக்கே போய் நின்றேன். கருங்குருவிகள்கூட எழுந்திருக்கவில்லை. பெட்டியைச் சாய்த்துப் பிடித்ததற்கு தேசா திட்டினாள், பழுக்காததைப் பறித்ததற்கு ஸ்ரேதோ திட்டினான். பதினொரு மணிக்கு வெயில் உச்சிக்கு ஏறியபோது நிமிரப் பார்த்தேன். முதுகு நிமிரவில்லை.

"டேய் விதோயே," என்று கத்தினேன், "தண்ணிக் குடத்த எந்தக் குருட்டுப் பய அந்தக் கடைசில கொண்டு போய் வச்சான்? ஊருக்கே ரேடியேட்டர் ரொப்புறீங்க, மனுசனுக்கு ஒரு வாய் தண்ணி வைக்கத் துப்பில்ல."

வரிசையில் யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்கதான் வச்சீங்க, கூமே," என்றான் விதோயே, பறித்தபடியே. "கண்ணு அவிஞ்சவரே."